சட்டை ரெடியா இருக்குங்க

“ஐயா, தையல்கடையிலேர்ந்து பேசறேன். உங்க சட்டை ரெடியா இருக்குங்க. நாளைக்குள்ள வந்து வாங்கிக்கறீங்களா?”

மறுமுனையில் வரும் பதிலுக்குத் தலையை ஆட்டிக்கொண்டே கையிலிருக்கும் அட்டையில் ஒரு டிக் போடுகிறார். அடுத்த அட்டையை எடுத்ததும் குரல் மாறிவிடுகிறது. “அம்மா, நூலகத்திலேர்ந்து. நீங்க எடுத்த புத்தகத்துக்கு நேத்தோட தவணை முடிஞ்சுடுச்சு.” மூன்றாவது அட்டைக்கு அவர் பல் டாக்டரின் உதவியாளர்.

அங்கே தையல்கடையும் கிடையாது, நூலகமும் கிடையாது. மருத்துவமனையின் கடைசித் தாழ்வாரத்தில் பழைய எக்ஸ்ரே அறையைத் தட்டி வைத்து இரண்டாக்கியிருக்கிறார்கள். ஒரு பாதியில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கூட்டு மருந்து கொடுக்கிறார்கள். மாதம் ஒரு முறை வந்து வாங்க வேண்டும். தேதி தவறியவர்களைப் போனில் கூப்பிட்டு வரவழைக்கும் வேலை மறுபாதியில் உட்கார்ந்திருக்கும் இவருக்கு. பதினோரு வருஷமாகச் செய்கிறார். அங்கே வருகிறவர்கள், வயதில் மூத்தவர்கள்கூட, அவரைத் ‘தையல்கடை அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

“எனக்கு ஊசியில நூல் கோக்கவே தெரியாது. ரவிக்கைக் கொக்கி தெறிச்சா சேஃப்டி பின் குத்திக்கிட்டு வர்ற ஆளு நான்” என்று சொல்லிச் சிரிக்கிறார்.

புதிதாக வருகிறவரிடம் நோயைப் பற்றி முதலில் பேசுவதில்லை. தண்ணீர் கொடுப்பார். குடித்து முடித்ததும், “உங்க வீட்டுக்கு யாரு போன் பண்ணினா யாருக்கும் சந்தேகம் வராது?” என்று கேட்பார். ஒருவர் சிமெண்ட் கடை என்பார், ஒருவர் பழைய மாணவி என்பார். பாதிப் பேர் தையல்கடை. அதை அட்டையின் வலது மூலையில் சிவப்பு மையால் எழுதிக்கொள்கிறார். மூலை காலியாக இருக்கும் அட்டைகளும் உண்டு. “அது வீட்டுக்கே தெரிஞ்சவங்க. நேரா உள்ளதைச் சொல்லிப் பேசலாம்” என்று அந்த நாலைந்து அட்டைகளைத் தனியாக எடுத்துக் காட்டினார், பிள்ளைகளின் மார்க்குப் பட்டியலைக் காட்டுவதுபோல.

வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் நீளமாக வளர்க்கிறார். மாத்திரை டப்பாவின் லேபிளைச் சுரண்டி எடுக்க. பையில் கிலுகிலுவென்று சத்தம் வரக் கூடாது என்று டப்பாவுக்குள் பஞ்சைத் திணித்துக் கொடுக்கிறார். கடைசியில் ஒரு துண்டுச் சீட்டு. அடுத்து வரவேண்டிய தேதி மட்டும் அதில் இருக்கும். பேர் கிடையாது, இடம் கிடையாது. “சட்டைப் பையில கிடந்து யாரு எடுத்துப் பார்த்தாலும் அது வெறும் தேதிதான். உங்களுக்கு மட்டும்தான் நான் கூப்பிடறது கேக்கணும்.”

காலை பத்து மணிக்கு அக்காவின் போனிலிருந்து சேவல் கூவுகிறது. “வந்துட்டான்யா என் புருஷன்” என்று முனகியபடி பேச்சை நிறுத்தாமல் ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொள்கிறார். அதே மாத்திரை. நிஜப் புருஷன் இந்த மருந்து கைக்கு எட்டுவதற்கு முன்பே போய்விட்டார். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடையவில்லை. என் கண்தான் கலங்கியது. அதைக் கவனித்துவிட்டார்.

“நீங்க தொடர்கதை எழுதறவங்களாமே? உங்க கதையில எல்லாம் இந்த வியாதி வந்தவங்க கடைசி வாரம் செத்துப்போயிடறாங்களே, ஏன்? என்னைப் பாருங்க, கிலோ கிலோவா ஏறிக்கிட்டே போறேன்!”

அந்தக் கடைசி வாரங்களை எழுதியது நான்தானே.

எல்லா அட்டைகளும் தகரப் பெட்டியில் இருக்க, ஒன்று மட்டும் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கிடக்கிறது. மூலையில் சிவப்பு மையில் ‘தையல்’. டிரைவர் என்று மட்டும் அவரைக் குறிப்பிட்டார். மூன்று வருஷம் ஒரு தேதி தவறாமல் வந்தவர். ரத்தத்தில் கிருமி கணக்கில் வராத அளவுக்குக் குறைந்திருந்தது. மனைவிக்கு மட்டும் சொல்லவில்லை. எட்டு மாதம் பேசிப் பேசி அவரைக் கரைத்தார் அக்கா. “புதன்கிழமை எங்க கல்யாண நாளுக்கா. அது நல்லபடியா முடியட்டும். ஞாயித்துக்கிழமை அவகிட்ட எல்லாத்தையும் சொல்லி, கையோட பரிசோதனைக்குக் கூட்டிட்டு வந்துடறேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை அவருக்கு மாத்திரைத் தேதி. சாயங்காலம்வரை வரவில்லை. அக்கா போன் செய்தார். டிரைவர் போனை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வண்டி எடுத்துப் போயிருந்தார். எடுத்தது மனைவி.

வேறு யாராவது எடுத்தால் ‘ராங் நம்பர்’ என்று சொல்லி வைத்துவிட வேண்டும். அது அக்காவே எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கும் விதி.

“அந்தப் பொண்ணு குரல் அப்படியொரு குரலுங்க. ‘யாருங்க, சொல்லுங்க’ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டா. வெச்சுட மனசு வரலை. சட்டை ரெடியா இருக்குன்னு சொல்லிடுங்கம்மான்னேன்.”

மறுமுனையில் ஒரே சந்தோஷம். “சட்டையா? எனக்குத் தெரியாமத் தைக்கக் கொடுத்திருக்காரா திருட்டு மனுஷன்! கல்யாண நாளைக்குத்தான் இருக்கும். எந்தக் கடைங்க? நானே வந்து வாங்கி ஒளிச்சு வெச்சு அவரை ஏமாத்தறேன்.”

“கடைத்தெரு முனையில” என்று வாய் சொல்லிவிட்டது.

“பதினோரு வருஷமா சொல்ற பொய்யில ஒரு இடம் இருந்ததே இல்லைங்க. அன்னிக்குத்தான் முகவரி கொடுத்தேன்.”

கடைத்தெரு முனையில் நிஜமாகவே ஒரு தையல்கடை இருந்தது. அந்தப் பெண் போய்க் கேட்டிருக்கிறாள். கடைக்காரர் அலமாரி முழுக்கக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, “அப்படி ஒரு சட்டையே இல்லையேம்மா. போன் பண்ணினது பொம்பளையா? என் கடையில நான் ஒருத்தன்தானே?” என்றிருக்கிறார்.

வியாழக்கிழமை டிரைவர் வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“எவ அவன்னு கேக்கறாக்கா. மூணு நாளா சாப்பிடலை. இப்பப் போய் இதையும் சொன்னா என்ன நினைப்பா? போன் பண்ணின அந்தப் பொம்பளை கொடுத்ததுதான் இந்த வியாதின்னு நினைக்க மாட்டா? அந்தப் பொம்பளையாவது பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும். இனிமே அந்த நம்பருக்குப் போன் பண்ணாதீங்க.”

அந்த மாதத்து மாத்திரையை வாங்கிக்கொண்டார். பஞ்சு திணிக்கும்வரை காத்திருக்கவில்லை. தாழ்வாரம் முழுக்க டப்பா குலுங்கும் சத்தம் கேட்டதாம். அதற்குப் பிறகு வரவில்லை. பதினான்கு மாதமாகிறது. போன் எண்ணையும் மாற்றிவிட்டார். வேறு மையத்தில் சேர்ந்திருந்தால் தகவல் வந்திருக்கும். வரவில்லை. சம்மதம் தராதவர்களின் வீட்டுக் கதவை அக்கா தட்டக் கூடாது. நாலு முறை டிரைவரின் தெரு முனைவரை போய்த் திரும்பியிருக்கிறார்.

“மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டவரைக்கும் அந்தப் பொண்ணுக்கு அவரால ஒரு ஆபத்தும் இல்லை. இப்ப நிறுத்தியிருந்தா? அந்தச் சிரிச்ச குரல்தாங்க எனக்கு…” என்று நிறுத்தி, மேஜைக் கண்ணாடியை முந்தானையால் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

வேலை முடிந்ததும் கடைத்தெருவுக்குப் போக வேண்டும் என்றார். நானும் கூடப் போனேன். முனையில் அந்தத் தையல்கடை. கழுத்தில் டேப்புத் தொங்க மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“வாம்மா. உன் ஆளு இன்னும் வரலை. அந்த அம்மாவும் வரலை.”

“சரிண்ணே. எடுங்க, பாக்கறேன்.”

மேல் தட்டிலிருந்து ஒரு பாலித்தீன் பையை எடுத்துக் கொடுத்தார். உள்ளே வெளிர்நீலச் சட்டை. டிரைவர் வராமல்போன இரண்டாம் மாதம் அக்காவே துணி எடுத்து, அட்டையில் இருந்த எடையையும் உயரத்தையும் சொல்லித் தைக்கக் கொடுத்தது. அந்தப் பெண் என்றைக்காவது திரும்ப வந்து கேட்டால், வேறு துணியோடு கலந்துவிட்டது, போன் செய்தது என் தங்கை என்று கடைக்காரர் சொல்லிச் சட்டையைக் கொடுத்துவிட வேண்டும். அவரிடம் அதுதான் பேச்சு.

“ஆளில்லாத சட்டைக்குக் காஜா எடுக்கச் சொன்ன ஒரே ஆளு இந்தம்மாதான்” என்று என்னிடம் சிரித்தவர், அக்கா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “நான் சொன்னாக் கோவிச்சுக்காதேம்மா. அவன் குடும்பஸ்தன். அந்தக் குடும்பம் சேரட்டும்னு நினைக்கிறே பாரு, அந்த மனசுக்காகத்தான் நான் பொய் சொல்லச் சம்மதிச்சேன். ஆனா நீயும் அவனை மறந்துடு. உனக்கும் வயசாகுதுல்ல?”

எனக்குச் சுருக்கென்றது. இவர் அப்படியல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். அக்காவின் நீள நகம் என் முழங்கையில் அழுத்தியது.

“மறக்கணும்ணே. பாக்கலாம்” என்றார்.

சட்டையை மேஜையில் விரித்து, பழைய மடிப்பில் பழுப்பேறியிருக்கிறதா என்று பார்த்தார். சட்டைப் பையின் பட்டனைக் கழற்றி, உள்ளே இருந்த துண்டுச் சீட்டை எடுத்துக் கசக்கினார். கடந்துபோன தேதி. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து இன்னொரு சீட்டில் அடுத்த மாதத் தேதியை எழுதி, மை காயும்வரை ஊதி, சட்டைப் பைக்குள் வைத்துப் பட்டனைப் போட்டார்.