அசன ஞாயிறும் வேலுச்சாமி அண்ணனின் கூட்டமும்

ஈரத் துணியில் சூடான அயர்ன் பாக்ஸ் படும்போது எழும் வாசனை தெரியும்தானே... எனக்கு அது இன்றைக்கும் ஜெப வாசனைதான்.

இரண்டாயிரங்களின் நடுவில் எம்.பில். படித்துக்கொண்டிருந்தேன். பிழைக்க வந்த ஊர்களில் கிறிஸ்தவச் சபைகள் எப்படி வளர்கின்றன, எப்படித் தேய்கின்றன என்பது என் ஆய்வு. "இதுக்கெல்லாமா படிப்பு?" என்று வீட்டில் கேட்காதவர் இல்லை! அதற்காகத்தான் திருப்பூர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியின் மாடிக்கு அடிக்கடி போவேன். கீழே அயர்னிங், மேலே ஆராதனை. தையலுக்கும் செக்கிங்குக்கும் தென்மாவட்டத்து ஊர் ஒன்றிலிருந்து வந்த குடும்பங்கள்தான் சபை.

அந்தச் சமயம் டவுனில் இருந்த தாய்ச்சபைக்கு ஒரு யோசனை. மாடிச் சபையில் ஆள் குறைந்துவிட்டது, மூடிவிட்டு எல்லாரையும் டவுனுக்கே வரச் சொல்லலாம் என்று. நேரில் பார்த்து முடிவு செய்யக் கமிட்டிப் பெரியவர் ஒருவர் கிளம்பினார். ஆய்வுக்கு ஆகுமே என்று நானும் ஒட்டிக்கொண்டேன்.

கிளம்பிய ஞாயிறுதான் வினை. அவர்கள் ஊரில் அசனம்! சொந்த ஊர் சர்ச்சில் எல்லாரும் கூடிச் சமைத்துச் சாப்பிடும் விருந்து. லீவு தராவிட்டால் வேலையையே விட்டுவிட்டுப் போகிற ஜனம். சபை மொத்தமும் பஸ் ஏறிவிட்டது. மிச்சம் போதகரும் அவர் மனைவி எஸ்தரக்காவும்தான்.

"நாளைக்குப் பெரியவரு வாராராம்... ஆளில்லன்னு பூட்டிருவாவளே" என்று முந்தின நாள் அக்கா கீழே அழுதிருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர் கட்டட ஓனர் வேலுச்சாமி அண்ணன். நெசவுக் குடும்பம், பரம்பரை முருக பக்தர்.

நாங்கள் படியேறிப் போனால்... ஹால் நிறைய ஆள்!

அண்ணன், அவர் மனைவி, அயர்ன் மாஸ்டர், பேக்கிங் பெண்கள்... எல்லாரும் பாயில் பயபக்தியோடு உட்கார்ந்திருந்தார்கள். நெற்றியில் திருநீற்றை அவசரமாகத் துடைத்த தடம் அப்படியே தெரிந்தது.

போதகர் முகத்தில் ஈயாடவில்லை. எப்படியோ ஜெபித்து முடித்து "ஆமென்" என்றார். அவ்வளவுதான்... மொத்தக் கூட்டமும் படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டது!

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு இருக்கிறதே...

பெரியவர் மெல்லத் திரும்பினார். "நீங்க எந்தச் சபைங்க?"

அண்ணன் எழுந்து நின்றார். "நான் கீழ கம்பெனிக்காரனுங்க. சபைக்காரங்கெல்லாம் அசனத்துக்குப் போயிருக்காங்க. அடுத்த வாரம் வாங்க சாமி, நிக்க எடமிருக்காது. எங்க முருகனுக்குத் தைப்பூசம்னா இவங்கதானுங்க வந்து பந்தி பரிமாறுறாங்க. ஆளில்லைன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அடுத்த வாரமே வர்றனுங்க" என்றார். சொன்னபடி வந்தார், மாடிச் சபை பிழைத்தது. அந்த ஞாயிற்றுக் கூட்டத்தை வளர்ச்சியில் சேர்ப்பதா, தேய்வில் சேர்ப்பதா என்று மட்டும் என் கைடுக்கே விளங்கவில்லை.

போன மாதம் போயிருந்தேன். சபைக்கு வேறு தெருவில் சொந்தக் கட்டடம் வந்துவிட்டது. ஏசி, பெரிய திரை, ஒடிசா, ஜார்கண்ட் பிள்ளைகளுக்குத் தனியாக இந்தி ஆராதனை. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எஸ்தரக்காவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினார்.

வேலுச்சாமி அண்ணன் ஞாபகம் வந்து, சும்மா கேட்டேன்.

"பக்கத்துல யாருக்கா இருக்காங்க?"

அக்கா உயரமான காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தார்.

"தெரியலியே பிள்ள..."