அவர் முதுகுக்குப் பின்னால் அடித்த பூஜை மணி

கிருத்திகைக்குக் கிருத்திகை குன்றத்தூர் மலையேறுகிற நம் குழுவினர் எல்லாருக்கும், வடக்குப்பட்டு தேவகி கும்பிட்டு எழுதுகிறேன். நான் எட்டாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசி வழுக்கி விழுந்தேன். கால் மடங்கிக்கொண்டது. எழுந்திருக்க முடியவில்லை. "என்னாங்க, என்னாங்க" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பத்தடி கூட இருக்காது. ஜன்னல் வழியாக அவர் தலை எனக்குத் தெரிகிறது. போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதில் என்ன கண்டாரோ, சிரிக்கிறார். நான் தொண்டை கிழியக் கூப்பிடுகிறேன், அவர் சிரிக்கிறார்.

சுவரைப் பிடித்துத் தவழ்ந்து நானாகவே உள்ளே வந்தேன். நிலைப்படியில் என்னைக் கண்டதும்தான் துள்ளி எழுந்தார். "அய்யய்யோ, இன்னாமே ஆச்சி?" என்று பதறி ஓடி வந்தார். எனக்கு அந்தப் பதற்றம் நடிப்பாகத்தான் பட்டது. அவர் கையைத் தட்டிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பெயர் ஏகாம்பரம். ஒரகடத்தில் வண்டிக்கு வேண்டிய இரும்புப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் இருக்கிறார். தகட்டை அச்சில் வைத்து மெஷின் அடிக்கிற இடம். அங்கே இருபத்திரண்டு வருஷம். ஒரே மகள், அவளைத் திருவள்ளூரில் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷமாகிறது. வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் பிளவுஸ் தைக்கிறேன்.

மகள் போன பிறகுதான் அவர் இப்படி ஆனார். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கையில் போன். சாப்பிடும்போது போன். எதைச் சொன்னாலும் "ம்", இல்லாவிட்டால் அதுவும் இல்லை. மகள் போன் செய்தால் எடுக்க மாட்டார், "எழுதி அனுப்பும்மா" என்று பதில் போடுவார். நான் குரலில் பேசி அனுப்பினால் ஒரு பதிலும் வராது. அடுப்படியிலிருந்து நாலு முறை சாப்பிடக் கூப்பிட்டாலும் அசைய மாட்டார். அதையே "சாப்பாடு ரெடி" என்று வாட்ஸ்அப்பில் எழுதிப் போட்டால் அடுத்த நொடி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். ஒரே வீட்டுக்குள் நான் புருஷனுக்கு மெசேஜ் போட்டு சோறு போட்டேன்.

பக்கத்து வீட்டு அஞ்சலை நம் குழுவில் வருகிறவள்தான், எல்லாருக்கும் தெரியும். அவள் வாய் சும்மா இருக்குமா? "உன் வூட்டுக்காரரு போனோட குடும்பம் நடத்துறாரு தேவகி. நீ சமையலுக்கு வெச்ச ஆளு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குக் குத்தியது. போனில் வேறு யாராவது இருக்கிறார்களோ என்று கூட நினைத்தேன். நினைத்ததை முருகனிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன், உங்களிடமும் ஒப்புக்கொள்கிறேன்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் மட்டும் யோக்கியமா? காலையில் எழுந்ததும் முருகன் படம் போட்டு உங்கள் எல்லாருக்கும் வணக்கம் அனுப்புவேன். பிறகு சீரியல், பிறகு தையல் வீடியோ. அவர் அந்த மூலையில், நான் இந்த மூலையில். அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்து எத்தனை நாளாயிற்று என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

விழுந்த அன்று மனசு விட்டுப்போயிற்று. வாலாஜாபாத்தில் இருக்கிற என் அக்காவிடம் போனில் அழுதேன். "வந்துடு, மெஷினத் தூக்கினு வந்துடு. ரெண்டு பேரும் இங்கயே தச்சிப் பொழச்சிக்கலாம்" என்றாள். பையில் நாலு புடவை எடுத்து வைத்தேன். அந்தப் பை பீரோவுக்கு மேலே இருந்தது.

ஆவணிக் கிருத்திகைக்கு உங்களோடு மலையேறினேனே, கால் வீக்கத்தோடு படிக்குப் படி உட்கார்ந்து வந்தேனே, அன்றைக்கு அந்தப் பை என் மனசில் இருந்தது. சன்னிதியில் நின்று ஒன்றுதான் கேட்டேன். "முருகா, என் புருஷனை என் பக்கம் திருப்பிக் கொடு. ஒரு மண்டலம் பார்க்கிறேன். தினமும் சாயங்காலம் உன் முன்னால் விளக்கு ஏற்றி, அது அணைகிற வரைக்கும் நாங்கள் இருவரும் போனைத் தொட மாட்டோம். நாற்பத்தெட்டாவது நாளும் அவர் திரும்பவில்லை என்றால், நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன். தடுக்காதே."

வீட்டுக்கு வந்து இந்த வேண்டுதலை அவருக்கு எப்படிச் சொன்னேன் தெரியுமா? மெசேஜில்தான். பையைப் பற்றி எழுதவில்லை. படித்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. பிறகு, "முருகனுக்கு வேண்டிக்கினா மாட்டேன்னா சொல்ல முடியும்? ட்யூப் லைட்டு மட்டும் எரியட்டும்" என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. அகல் விளக்கு எரியும்போது ட்யூப் லைட் எதற்கு? முதல் நாள் நான் அணைத்தேன், அவர் எழுந்து போட்டார். இரண்டாம் நாளும் அப்படியே. "இன்னாங்க, இருட்டுக்குப் பயமா?" என்று கேட்டேன். "உன் மொகத்தப் பாக்கணும்மே" என்றார். இந்த வயசில் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு போனையும் முருகன் படத்துக்கு முன்னால் அணைத்து வைத்திருப்போம். சின்ன அகலில் ஊற்றும் எண்ணெய் ஏறக்குறைய ஒரு மணி நேரம் எரியும். அவர் என் வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். மகளின் சின்ன வயசுக் குறும்பு, கல்யாணத்தில் மழை வந்தது, என்னென்னவோ பேசினோம். கல்யாணமான புதிதில் கூட இவர் என்னை இப்படிப் பார்த்ததில்லை. முருகன் கண் திறந்துவிட்டான் என்று நினைத்தேன்.

ஆறாவது நாள், ஞாயிற்றுக்கிழமை. விளக்கில் திரி உள்ளே இழுத்துக்கொண்டது. நான் எழுந்து அவருக்கு முதுகைக் காட்டி நின்று திரியைத் தூண்டினேன். இத்தனை நாள் பேசிவிட்டோம், இந்தப் பாரத்தையும் இறக்கி வைப்போம் என்று தோன்றியது. முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை. திரும்பாமலேயே சொன்னேன். "என்னாங்க, நான் உங்கள உட்டுட்டு அக்கா வூட்டுக்கே போயிடலாம்னு இருந்தேன். பைகூட கட்டி வெச்சிட்டேன்."

பதில் இல்லை. அழுகிறாரோ என்று நினைத்தேன். அப்போது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"மத்தியானம் வெச்ச வத்தக்கொழம்பு நல்லா இருந்திச்சி தேவகி."

எனக்கு உடம்பு முழுக்கத் தீப் பிடித்தது போல் ஆயிற்று. விட்டுப் போகிறேன் என்கிறேன், குழம்பைப் பற்றிப் பேசுகிறாரே! நான்கு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று திரும்பினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் கள்ளமே இல்லை. குழந்தை முகம். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

பூஜைத் தட்டிலிருந்து மணியை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்கப் போவது போல அவரைத் தாண்டி அடுப்படி வாசலுக்குப் போனேன். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று மணியை அடித்தேன்.

அவர் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பலமாக அடித்தேன். கை வலிக்க அடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அஞ்சலை, "இன்னாடி தேவகி, ஒரே நாள்ல ரெண்டு வாட்டி பூஜையா?" என்று கத்தினாள். அடுத்த வீட்டுக்காரிக்குக் கேட்டது. இரண்டடி முன்னால் உட்கார்ந்திருந்த என் புருஷனுக்குக் கேட்கவில்லை. அவர் தோள் கூட அசையவில்லை.

சுற்றி வந்து அவர் முன்னால் நின்றேன். கையில் மணி. அவர் மணியைப் பார்த்தார், என் கண்ணீரைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது.

"மணி அடிச்சியா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தினமும் ஆரத்தியில் மணி அடிக்கிறேனே! அவர் என் கை ஆடுவதைப் பார்த்துத்தான் இத்தனை நாள் கும்பிட்டிருக்கிறார்.

"எத்தினி நாளா?" என்று கேட்டேன்.

"பொண்ணு கல்யாணத்துல மேளம் கேட்டுச்சி. நாயனம் கேக்கல. அப்பத்தான் எனக்கே தெரிஞ்சிச்சி" என்றார்.

அன்றைக்கு விளக்கு அணைந்த பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொன்றும் என் தலையில் இடி. பிரஸ் ஷாப்பில் காதை அடைக்கக் கம்பெனியில் கொடுப்பதை இவர் போட்டுக்கொள்ளவே இல்லையாம். "மெஷின் சத்தத்தக் கேட்டே அச்சில இன்னா கோளாறுன்னு சொல்லிடுவேன், அதான் எனக்குப் பேரு. காத அடச்சிக்கினா எப்பிடிக் கேக்கறது?" என்றார். அந்தப் பெயருக்காக இருபத்திரண்டு வருஷம் காதைத் திறந்து வைத்திருந்தார். அங்கே இரைச்சலில் எல்லாரும் கையாலும் வாயசைவாலும்தான் பேசிக்கொள்வார்கள். அதனால் கூட வேலை செய்கிறவர்களுக்கும் இவர் கேட்காமல் இருப்பது தெரியவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை காது சோதனை வரும். சரியாக அன்று லீவு போட்டுவிடுவாராம். அந்த லீவு நாட்களில் நான் சந்தோஷமாகப் பிரியாணி செய்து போட்டிருக்கிறேன்.

போன் எதற்கு என்று கேட்டேன். "போனப் பாத்துக்கினு இருந்தா யாரும் பேச்சுக் குடுக்க மாட்டாங்க. போன் பைத்தியம்னு சொல்லட்டும். செவுடுன்னு தெரிஞ்சா லைன்ல இருந்து எடுத்துடுவாங்கடி. மெசேஜ் வந்தா கையில துடிக்கும், அது தெரியும்" என்றார்.

நான் அவரிடமிருந்து பிடுங்கிப் போட நினைத்த போன், அவர் ஒளிந்துகொண்ட இடம்.

இன்னொன்று சொன்னார். ஆடி மாதக் கடைசியில் அவருடைய யூனிபார்ம் சட்டை காலர் கிழிந்து வந்தது. "சட்டையப் பாத்துப் போடத் தெரியாதா" என்று மெசேஜில் திட்டிவிட்டு நான்தான் தைத்தேன். எப்படிக் கிழிந்தது என்று கேட்கவில்லை. சரக்குத் தூக்குகிற போர்க்லிஃப்ட் வண்டி பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. இவருக்குக் கேட்கவில்லை. கூட இருந்தவர் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறார். ஒரு கை அகலத்தில் உயிர் தப்பியிருக்கிறது. அந்தக் கிழிசலை நான் என் கையாலேயே தைத்து, இஸ்திரி போட்டு, மறுநாள் அதே இடத்துக்கு அனுப்பி வைத்தேன்.

அன்பர்களே, நான் மலையில் என்ன கேட்டேன், அவன் எதைக் காட்டிக்கொடுத்தான் பாருங்கள். விளக்கு முன்னால் போனை வைக்கச் சொன்னது என் கோபம் என்று நினைத்தேன். அது அவன் வேலை. இன்னும் ஒரு மாதம் நாங்கள் அப்படியே மூலைக்கு மூலை உட்கார்ந்திருந்தால், கம்பெனியிலிருந்து எனக்கு எந்தச் செய்தி வந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

மறுநாள் அவரை வேலைக்கு அனுப்பவில்லை. கையைப் பிடித்துக் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்ன அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்தார்கள். "நரம்பு அடிபட்டிருக்கும்மா. போனது திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்தலாம். இனிமே அந்தச் சத்தத்துல ஒரு நாள் கூட நிக்கக் கூடாது" என்றார் டாக்டர். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு இவர் கம்பெனிக்குப் போன அன்று, நான் தையல் மெஷினைத் தொடவில்லை. படத்துக்கு முன்னாலேயே கிடந்தேன். வேலை போனாலும் பரவாயில்லை முருகா, ஆள் வரட்டும் என்றுதான் கேட்டேன்.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். கையில் போன் இல்லை. தெருமுனையிலிருந்தே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். "சூப்பர்வைசர் இன்னா சொன்னாரு தெரியுமா? 'யோவ் ஏகாம்பரம், இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாய்யா? நீ இல்லாம அச்செல்லாம் யாருய்யா பாக்கறது'ன்னு திட்டினாரு" என்றார். அச்சுகளை வைத்துப் பராமரிக்கிற தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே இரைச்சல் இல்லை. காதால் பிடித்த கோளாறைக் கண்ணால் பார்க்கிறார், அவ்வளவுதான்.

மண்டலம் முடிய மூன்று நாள் இருக்கும்போது காது மெஷின் வந்தது. போட்டுக்கொண்டு விளக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் எதுவும் சொல்லாமல் மணியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு முறை அடித்தேன்.

"மெதுவா அடிமே, காது கிழியுது" என்றார்.

நான் மணியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன். பையிலிருந்த புடவைகளை அவரே எடுத்து பீரோவில் வைத்தார். அன்று நான் சொன்னது கேட்காவிட்டாலும், பையை எப்போதோ பார்த்திருக்கிறார்.

மண்டலம் முடிந்து மாதங்களாகிவிட்டன. விளக்கு நேரத்தை நாங்கள் விடவில்லை. சாயங்காலம் இரண்டு போனும் படத்துக்கு முன்னால்தான். இப்போது ட்யூப் லைட்டை அவரே அணைக்கிறார்.

இனிமேல் காலையில் என்னிடமிருந்து வணக்கப் படம் வராது. கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த நேரத்தில் நான் அவருக்குக் காபி கொடுத்து எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு சின்ன அகலில் எண்ணெய் ஊற்றிப் பாருங்கள். அது அணைகிற வரைக்கும் உங்கள் வீட்டுக்காரர் முகத்தைப் பாருங்கள், வீட்டுக்காரி முகத்தைப் பாருங்கள். ஒருவேளை அங்கே ஒன்றும் இருக்காது, வத்தக்குழம்புப் பேச்சு மட்டும் இருக்கும். இருக்கட்டும். ஏதாவது இருந்தால் நம் முருகன் காட்டுவான். அவன் காட்டும்போது நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.