வலை நிறைய சொறி மீன்

காலை நாலே முக்காலுக்கு விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். புதுச்சேரி நாற்பது கிலோமீட்டர்தான். ஆனாலும் இருப்புக் கொள்ளவில்லை. பன்னிரண்டு வருடமாகப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன்; சொறி மீனை, அதாவது ஜெல்லி மீனை, படத்தில்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊருக்கு வந்து மீன் விற்கும் கலாவின் கணவர், மீனவர் தனசேகர், "சொறி ஏகத்துக்கும் வந்துருக்கு சார், பாக்கணும்னா உடனே வாங்க" என்று போனில் சொல்லியிருந்தார்.

ஆறு மணிக்குப் புதுச்சேரி. தனசேகர் இருக்கும் மீனவர் பகுதியான வம்பாகீரப்பாளையத்துக்கு ஆட்டோ பிடித்தேன்.

"இன்னா சார், கடலுக்கா? தண்ணில எறங்கிடாதீங்க, சொறி சுட்டுடும்" என்றார் ஓட்டுநர்.

ஆறரைக்குத் தனசேகரின் ஃபைபர் படகில் கிளம்பினோம். என்ஜினில் தனசேகரின் தம்பி குமார். அரை மணி நேரத்தில், முந்தின நாள் விட்ட வலை இருக்கும் இடம் வந்தது.

முதல் சொறி மீன் படகுக்கு அடியில் போனது. சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய, பால் நிறக் குடை. விரிந்தது, சுருங்கியது, மறுபடி விரிந்தது. மூளை இல்லை, இதயம் இல்லை, எலும்பு இல்லை. தின்பதும் கழிப்பதும் ஒரே வாய் வழியாக. குடைக்குக் கீழே கூந்தல் மாதிரி நீண்ட இழைகள். அவற்றுக்கு நடுவே விரல் நீளக் குட்டி மீன்கள் ஒளிந்து ஓடின. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அண்ணனும் தம்பியும் வலையை இழுத்தார்கள். மீன் இல்லை, அத்தனையும் சொறி. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. தனசேகர் வலையை உதறியபோது அறுந்த இழை ஒன்று அவர் கழுத்தில் சுற்றிக்கொண்டது.

"ஐயோ, எரியுதே!" என்று கையால் தேய்க்கப் போனார். பாய்ந்து கையைப் பிடித்தேன். குமார் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்தான்.

"அது வேணாம்ப்பா, நல்ல தண்ணி பட்டா இன்னும் கொட்டும். கடல் தண்ணிய ஊத்து!" என்றேன்.

செத்துத் துண்டானாலும் அந்த இழையில் உள்ள செல்கள் கொட்டும் என்று எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! தோளில் கிடந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு இழையை எடுத்தேன். அப்படியும் என் விரல்கள் தீயில் வைத்ததுபோல எரிந்தன. தனசேகருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

"வலையை அறுத்துடு குமாரு, இழுத்து முடிக்க நேரமில்ல" என்றேன்.

"அண்ணன் இந்த வருசம்தான் வாங்குச்சு சார்..." குமார் கத்தியோடு அண்ணனையே பார்த்தான். தனசேகர் தலையை மட்டும் அசைத்தார். குமார் அறுத்தான். கரை வரும்வரை அவர் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு கடல் தண்ணீரை மொண்டு ஊற்றினேன். அந்த அரை மணி நேரம் போல நீளமான பயணம் நான் போனதில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். பதினொரு மணிக்கு மூச்சு சீரானது. கழுத்தில் சாட்டையடி போலச் சிவந்த கோடுகள். கலா என்னை வராந்தாவுக்கு அழைத்தார்.

"நாளைக்கே கடலுக்குப் போறேன்றாரு சார். நீங்க சொன்னா கேப்பாரு."

உள்ளே போய்ச் சொன்னேன். தனசேகர் கண்ணை மூடியபடியே சிரித்தார்.

"நீங்க இனிமே சொறியப் பாக்க வர மாட்டீங்க சார். நான் போவாம இருக்க முடியுமா?"

"நாலு நாளாவது போகாம இருங்க" என்றேன். "சரி, நாலு நாளு" என்றார்.

மதியம் பஸ்ஸில் வீங்கிய விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டு வந்தேன். விழுப்புரத்தில் இறங்கினால் கடல் வாசனைகூட இல்லை. இந்த ஊரில் வேலைக்குப் போக நான் ஒருநாளும் உயிருக்குப் பயந்ததில்லை. அன்று வீட்டுக்குப் போக மனம் வராமல், பஸ் நிலையத்திலேயே வெகுநேரம் நடந்துகொண்டிருந்தேன்.