அம்மா வர்றாங்க

ஆஸ்பத்திரி அறையில் டாக்டர், போலீஸ்காரர், அண்ணன், நான் இருந்தோம். அம்மா இல்லை. ஒரு நாள் சம்பளம் போய்விடுமென்று தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போயிருந்தார்.

எங்கள் வீட்டில் சிங்களம் படித்தவன் நான்தான். ஐஸ் போதைப் பழக்கத்தை விடுவதற்கான சிகிச்சைக்கு அண்ணன் சம்மதிக்கிறானா என்று டாக்டர் சிங்களத்தில் என்னிடம் கேட்டார்.

அண்ணனிடம் கேட்டேன்.

"அம்மாவக் கூட்டியாடா தம்பி. அவங்க சொன்னா நானே போறேன்."

இப்படிச் சொல்லித்தான் முன்பும் ஓடியிருக்கிறான். "மறுக்கிறான்" என்று டாக்டரிடம் சொன்னேன். கட்டாயச் சிகிச்சைக்கு அவர் சான்றிதழ் எழுதினார்.

"சொல்லிட்டியாடா?"

"சொல்லிட்டேன். அம்மா வர்றாங்க."

போலீஸ் வேன் கிளம்பும்வரை அண்ணன் ஆஸ்பத்திரி கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சிகிச்சை முடிந்தும் அவன் லயத்து வீட்டுக்கு வரவில்லை. எங்கே இருக்கிறானென்று தெரியாது. அம்மா வராததால் அன்று எங்களுக்கு மிச்சமானது ஆயிரத்து முந்நூற்றைம்பது ரூபா.