உப்புப் போட்ட ஐஸ்

இருபத்தாறு வருடம் ஐஸ் உடைத்தவன் நான். காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் வேலை. வெயிலில் கிடந்தால் மதியத்துக்குள் செவுள் வெளுத்து நாறிப்போகும் வஞ்சிரம், ஐஸில் புதைத்தால் ஒரு வாரம் கழித்தும் நல்ல விலைக்குப் போகும். கெட்டுப்போவதும் ஒரு ஓட்டம்தான். சூடு அதை விரட்டும், குளிர் அதைப் பிடித்து உட்கார வைக்கும். எட்டாவதோடு நின்றவன் என்றாலும் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டாம் என்ற திமிர் இருந்தது. அந்தத் திமிரால் வந்ததைத்தான் எழுதுகிறேன்.

என் மனைவிக்குச் சர்க்கரை. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. ஒரு புயல் மழையில் ராயபுரத்தில் எங்கள் தெருவே முட்டியளவு தண்ணீரில் நின்றது. ஐந்து நாள் கரண்ட் இல்லை. முதல் நாளே தண்ணீருக்குள் கிடந்த தகரம் அவள் வலது கால் சுண்டுவிரலைக் கீறிவிட்டது. அவளுக்கோ மருந்தைப் பற்றித்தான் கவலை.

“பிரிட்ஜ் ஓடல. மருந்து கெட்டுப் பூடுமே, இன்னாய்யா பண்றது?”

“ஐஸ்காரன் பொண்டாட்டி கேக்குற கேள்வியா மே இது?” என்றேன்.

படகுகள் கரையில் கட்டிக் கிடந்ததால் ஐஸ் கம்பெனியில் கிடந்த ஐஸைக் கேட்க நாதியில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து தெர்மாகோல் பெட்டியில் உடைத்துப் போட்டு, மேலே கல்லுப்பைத் தூவினேன். இறாலுக்கு நாங்கள் செய்வது இது. உப்புப் பட்ட ஐஸ் வெறும் ஐஸைவிடக் கடுங்குளிராகும், ஈர விரலை வைத்தால் பிடித்துக்கொள்ளும். மருந்துக் குப்பியைப் பையில் சுற்றி நடுவில் புதைத்தேன். சாயங்காலம் எடுத்தபோது கல்லாய் உறைந்திருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளங்கையில் உருட்டி இளக்கினேன்.

“இன்னாய்யா, திப்பி திப்பியா கீது?”

“குலுக்கினா சரியாப் பூடும் மே.”

குலுக்கினேன். அவளும் மறுபேச்சில்லாமல் புடவையை விலக்கி வயிற்றைக் காட்டினாள்.

ஐந்து நாளும் இதே கதை. மூன்றாம் நாளிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், உட்கார்ந்த இடத்திலேயே தூங்கினாள். மழை அலுப்பு என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் காலையில் பாதம் கறுத்து வீங்கியிருந்தது, அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மீன்பாடி வண்டியில் கிடத்தி, தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மா என்னை மட்டும் வெளியே கூப்பிட்டுக் கேட்டார். “ஊசி விட்டுப்போச்சா?”

“ஒரு வேளைகூட இல்லம்மா. கரண்ட் இல்லன்னு உப்புப் போட்ட ஐஸ்ல வெச்சிருந்தேன்.”

“உறைஞ்சுதா?”

“கல்லு மாதிரிம்மா.” அப்போதும் என் குரலில் பெருமை இருந்தது.

“சூட்டுல இருந்தா இன்சுலின் கொஞ்சம் கொஞ்சமாத்தான் வீரியம் குறையும். உறைஞ்சா அன்னைக்கே போச்சு. இந்த மழைக் குளிர்ல சும்மா அலமாரியில வெச்சிருந்தாலே கெட்டிருக்காது.”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை.

செத்த மீனைக் கெடாமல் நிறுத்தி வைத்தால் போதும். மருந்து உள்ளே போய் வேலை செய்ய வேண்டியது. அதையும் நான் மீனாகத்தான் பார்த்தேன். மருந்து செத்துக் கிடக்க, அவள் உடம்புச் சூட்டில் அந்தப் புண் மட்டும் ஐந்து நாளும் நிற்காமல் ஓடியிருக்கிறது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

மாதா கோயில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இந்தப் பாவத்தைச் சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. பயம், வேறொன்றுமில்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அவளே கதையை ஆரம்பித்துவிடுகிறாள். நேற்று பக்கத்து வீட்டுப் பெண் வந்திருந்தாள்.

“தெரு பூரா தண்ணி. அதுல நடந்துகினு போயி டெய்லி ஐஸ் கொண்டாந்து என் மருந்தக் காப்பாத்துனாரு. அது மட்டும் இல்லன்னா கால் இன்னா, உசுரே பூட்டிருக்கும்” என்றாள் என் மனைவி. பிறகு என் பக்கம் திரும்பினாள். “இன்னாய்யா, நான் சொல்றது சரிதானே?”

“ஆமா மே” என்றேன்.