காதால் படித்த கோஃபர்

சர்க்கரை நோய் என் கணவரின் கண்களைத்தான் முதலில் எடுத்துக்கொண்டது. அவர் பீளமேட்டில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர். திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். கடைசியில் திரை முழுக்க ஒரே எழுத்து நின்றபோதும் அது என்னவென்று என்னிடம் கேட்டார். அதோடு வேலையை விட்டார். நான் கணபதியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில், பம்ப் மோட்டார் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். நான் போய்விட்டால் பகல் முழுவதும் வீட்டில் அவர் மட்டும்தான்.

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர் ஒன்றைப் போட்டுக்கொண்டார். ஒரு செய்தி கேட்க உட்கார்ந்தால் அது "இணைப்பு, இணைப்பு, படம், பெயரில்லாத பொத்தான்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். விளம்பரம் குறுக்கே வரும். செய்தி வருவதற்குள் அவருக்குப் பொறுமை போய்விடும். ஒருநாள் கீபோர்டை ஓங்கித் தள்ளிவிட்டார். பிரெய்ல் கற்றுக்கொள்ளவும் போனார். விரல்நுனிகள் எப்போதோ மரத்துப்போயிருந்தன. புள்ளிகள் தட்டுப்படவே இல்லை.

அப்போதுதான் அவருக்குக் கோஃபர் ஞாபகம் வந்தது. இன்றைய இணையப் பக்கங்கள் பரவுவதற்கு முன்னால் இருந்த ஏற்பாடு அது. படம் கிடையாது, பொத்தான் கிடையாது. வரிவரியாக ஒரு மெனு வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் வெறும் எழுத்து வரும். அவ்வளவுதான். உலகம் அதை விட்டு எங்கோ போய்விட்டது. ஆனால் சிலர் இன்னும் அதில் எழுதுகிறார்கள்.

"அம்மணி, இதுல தேவையில்லாத ஒரு வார்த்தை இல்ல பாரு" என்றார். குருடான பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

டிவிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வைத்து, அதையே கோஃபர் சர்வராக்கினார். கோஃபரைப் படிக்க எந்தெந்த மென்பொருள் இருக்கிறது, எதை எப்படி நிறுவுவது, எது ஸ்க்ரீன் ரீடரோடு ஒத்துப்போகிறது, எதில் தமிழ் எழுத்து கேள்விக்குறியாகிவிடுகிறது என்றெல்லாம் சோதித்து, வெளியிலிருந்து யாரும் படிக்கும்படி அதில் தமிழில் எழுதி வைத்தார். நான் பட்டறையிலிருந்து வந்ததும் பிழை பார்ப்பேன். "ஏனுங்க, இங்க ஒரு துணைக்கால் விட்டுப்போச்சுங்க" என்பேன். மரியாதையாகத் திருத்திக்கொள்வார்.

அதைப் படித்துவிட்டு அன்னூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். பள்ளிக்கூட வாத்தியார்; பிறவியிலேயே பார்வை இல்லாதவர். "நீங்க சொன்ன சாப்ட்வேர போட்டுட்டேனுங்க. நல்லாப் படிக்குதுங்க" என்றார். இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். பிறகு வாரம் தவறாமல் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போய்வந்த கையோடு என் கணவர் போனை எடுத்துவிடுவார். எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு சிறுநீரகம் பழுதானது. காலில் ஒரு புண் சீழ் பிடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். உயிர் பிழைக்க, சீழை அடக்கும் கடுமையான ஆன்டிபயாடிக் ஊசி ஒன்று வேண்டியிருந்தது. காதைப் பாதிக்கலாம் என்று டாக்டர் முன்பே சொன்னார். நான்தான் கையெழுத்துப் போட்டேன். வேறு வழியில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஸ்க்ரீன் ரீடரின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார், முன்பு எழுத்தைப் பெரிதாக்கியது போலவே. தெருவுக்கே கேட்கிற அளவுக்கு அது கத்தியது. ஒரு காலையில் ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்து, "இது கெட்டுப்போச்சா பாரு கண்ணு" என்றார். என் காதில் வைத்தேன். நன்றாகத்தான் பேசியது.

அதன் பிறகு நான் அவர் முதுகில் விரலால் எழுதிப் பேசினேன். தோள்களுக்கு நடுவே உணர்ச்சி இருந்தது. ஒவ்வோர் எழுத்தாக, பெரிதாக, சின்னச் சின்னச் சொற்களாக எழுத வேண்டும். ஒரு முழு வாக்கியம் முடிவதற்குள் இரண்டு பேரும் களைத்துவிடுவோம். பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

போனில் பேச முடியாமல் போனதும் வாத்தியார் நேரிலேயே வந்தார். ஆட்டோவிலிருந்து இறக்கிக் கூட்டிவந்து அவரை என் கணவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். முதுகில் 'அன்னூர்' என்று எழுதினேன். என் கணவர் காற்றில் கையை நீட்டித் தேடினார். வாத்தியாரும் தேடினார். நான்தான் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்தேன்.

"சாப்ட்வேர் நல்லா ஓடுதுங்களா?" என்று என் கணவர் கேட்டார். தன் குரல் தனக்கே கேட்காததால் அது கத்தலாக வந்தது.

வாத்தியார் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "தப்பா நெனைக்காதீங்க அக்கா. இப்பல்லாம் போனே எல்லாத்தையும் படிச்சுச் சொல்லிருதுங்க. அதத் தொறந்து ரொம்ப நாளாச்சு."

"என்னன்னு எழுதட்டுங்க?"

"ஓடுதுன்னு எழுதுங்க" என்றார்.

எழுதினேன். என் கணவரின் முகம் மலர்ந்துவிட்டது. உடனே புதிதாகச் சேர்க்க வேண்டியதைச் சொல்லத் தொடங்கினார்: இந்த மென்பொருளில் மெனுவுக்குத் திரும்பிப் போக எந்த விசை, அந்த மென்பொருளில் நீளமான வரி உடைந்தால் என்ன செய்வது. தெளிவாக, வரிசை மாறாமல் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். வாத்தியார் அழுதார். நான் தட்டச்சு செய்தேன்.

வாத்தியார் அதன்பின் வரவில்லை. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. வந்து என்ன பேசுவார்? என் கணவர் சில வாரங்கள் இன்னும் கொஞ்சம் சொன்னார். பிறகு பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். அப்புறம் நான் முதுகில் எழுதிக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினார். யார் படிக்கிறார்கள் என்று அவர் என்னைக் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார். பட்டறையிலிருந்து மதியம் வந்து தோளைத் தொட்டால், "பகலா, ராத்திரியா?" என்கிறார். பகல் என்று எழுதுகிறேன். சோற்றைப் பிசைந்து கொண்டுவருவதற்குள் திரும்பவும் கேட்கிறார்.