தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டவர்

மஜீத் பாய் மறைந்த செய்தி வந்தபோது நான் குளியலறைக் கதவடியில் குனிந்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் மகள் நஸீமா பேசினாள். "மதாம், அத்தா மவுத்தாயிட்டாரு. ஒரு வாரமா நெஞ்சு வலிச்சிருக்கு. எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல" என்று அழுதாள். எனக்குத் துக்கத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. இனி யாரைக் கூப்பிடுவது என்கிற பயம். அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சாரம் பகுதியில் வீட்டுக்குக் கண்ணாடி வேலை செய்துகொண்டவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இனிக்கப் பேசத் தெரியாத மனிதர். அலமாரிக் கண்ணாடி மாட்ட வந்தால், மாட்டியிருக்கும் ஆணி எப்போது விழும் என்று சொல்லிவிட்டுப் போவார். "பாய் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று என் கணவர் கேலி செய்வார். பாய் சிரிக்கவும் மாட்டார்.

எங்கள் மாடிக் குளியலறையில் ஷவருக்குக் கண்ணாடிக் கதவு உண்டு. அதற்கு நேர் கீழே நான் பிரெஞ்சு டியூஷன் எடுக்கும் அறை. இரண்டு வருடங்களுக்கு முன் கதவடியில் தண்ணீர் கசிந்து வெளியே வழிந்தது. பாயைக் கூப்பிட்டேன். தவளக்குப்பத்தில் ஒரு கடை வேலையில் இருப்பதாகச் சொல்லி நாலு நாள் பொறுக்கச் சொன்னார். எனக்கேது பொறுமை? வேறொருவரை அழைத்து, உள்ளும் வெளியும் சிலிக்கான் பசையை அப்பச் சொன்னேன். கசிவு நின்றது. "நீங்க வரவேணாம் பாய், சரியாயிடுச்சு" என்று கொஞ்சம் திமிராகவே ஃபோனில் சொன்னேன்.

ஆனாலும் ஐந்தாம் நாள் வந்து நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் தேய்த்தார். பிறகு புறங்கையை வைத்துப் பார்த்தார். ஷவரைத் திறக்கச் சொல்லிப் பத்து நிமிடம் அசையாமல் நின்றார். வெளியே ஒரு சொட்டு வரவில்லை. நான் பெருமையோடு பார்த்தேன். அவர் முகம் இருண்டது.

"தண்ணி எங்க போச்சு மதாம்?"

"எங்கயும் போவல. நின்னுடுச்சு."

"தண்ணி நிக்காது. வழிய மாத்திக்கும்."

கீழே இறங்கி வந்து, ஒட்டடைக் குச்சியின் அடியால் கூரையை அங்கங்கே தட்டினார். ஓரிடத்தில் மட்டும் சத்தம் வேறு மாதிரி, உள்ளே ஒன்றும் இல்லாததுபோலக் கேட்டது. அதற்கு அடியில்தான் முதல் பெஞ்சு. "புள்ளைங்கள இன்னைக்கே வேற எடத்துல ஒக்கார வைங்க" என்றார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "கண்ணாடிக்காரர் கண்ணாடிய மட்டும் பாத்தா போதும் பாய்" என்றேன். அவர் பெஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தானே கூடத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டுப் போனார். திரும்ப இழுத்துப் போட எனக்குச் சோம்பல். அந்தச் சோம்பலுக்கு இன்றுவரை நன்றி சொல்கிறேன்.

மூன்றாம் நாள் மத்தியானம், காலியாகக் கிடந்த அந்த இடத்தில் கூரைக் காரை பெயர்ந்து விழுந்தது. துருப்பிடித்த கம்பி மேலே தெரிந்தது. முதல் பெஞ்சில் வழக்கமாக உட்காரும் மூன்று பெண் பிள்ளைகளின் பெயரை எழுத இப்போதும் எனக்குக் கை வரவில்லை.

பாய் மறுபடி வந்தார். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. பழைய பசையைக் கத்தியால் சுரண்டி எடுத்தார். கதவுக்கு அடியில் இருந்த அலுமினியச் சட்டத்தின் திருகாணி ஓட்டை வழியாகத் தண்ணீர் தளத்துக்குள் இறங்கியிருந்தது. அதை அடைத்தார், ரப்பர் பட்டையை மாற்றினார், புதிதாகப் பசை பூசினார். வெளிப்பக்க மூலையில் மட்டும் ஒரு விரற்கடை பூசாமல் விட்டார். மறந்துவிட்டாரோ என்று கேட்டேன்.

"சட்டத்துக்கு அடியில கொஞ்சம் தண்ணி பூந்துகினுதான் இருக்கும். இது வழியா ரெண்டு சொட்டு வெளிய வரும், தொடச்சுக்கோங்க. கண்ணுக்குத் தெரியுற தண்ணியால பயமில்ல. என்னைக்குக் காஞ்சிருக்கோ, அன்னைக்குக் கூப்புடுங்க."

கொத்தனார் கூரையைப் பூசிக் கொடுத்தார். மற்ற கம்பிகள் எப்படி இருக்கின்றன என்பது உடைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். நாங்கள் உடைக்கவில்லை. பெஞ்சுகள் பழைய இடத்துக்குத் திரும்பின.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஸ்கூட்டரில் போகும்போதெல்லாம் பாய் நிறுத்தாமலே குரல் கொடுப்பார்: "ஈரமா இருக்கா மதாம்?" நான் மாடியிலிருந்து, "இருக்கு பாய்!" என்று கத்துவேன். எங்களுக்குள் வணக்கம், சலாம் எல்லாம் அதுதான். எதிர்வீட்டுக்காரர்கள் எங்கள் இரண்டு பேருக்கும் மறை கழன்றுவிட்டதாக நினைத்திருப்பார்கள்.

வெளியே வராததுதான் ஆபத்து என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், தன் நெஞ்சுவலியை மட்டும் ஒரு வாரம் உள்ளேயே வைத்திருந்தார். அவர்மேல் எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. ஒருநாளாவது அவர் கேட்பதையே நான் அவரிடம் திருப்பிக் கேட்டிருக்கலாம்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்த விரற்கடை இடைவெளியும், தண்ணி எங்க போச்சு என்கிற அந்த ஒரு கேள்வியும்தான். முந்தாநாள் கதவடியில் தரை காய்ந்திருந்தது. நேற்றும் அப்படியே. இன்று காலை வேண்டுமென்றே வெகுநேரம் ஷவரைத் திறந்துவிட்டு, அவரைப்போலப் புறங்கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. பழக்கத்தில் அவர் எண்ணை அழுத்திவிட்டேன். நஸீமா எடுத்தாள். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டுக் கீழே இறங்கி, பெஞ்சுகளை ஒவ்வொன்றாக நானே கூடத்துக்கு இழுத்துப் போட்டேன்.